முன்னுரிமை நான்கு

ஸ்ரான்லி வீதியில் மூன்றாம் மாடி.
யன்னல் திறக்காது.
ஏசியைக் கூட்டிக் குறைக்க
சிங்கப்பூரில் ஒருவருக்கு எழுதவேணும்.
சித்திரை வெயிலுக்குள்ளால்
சால்வையோடு வேலைக்கு வருகிறேன்.

உலகம் முழுக்க வழிகாட்டுகிற
எங்கள் கொம்பனியின் வரைபடத்தில்
கொக்குவிலில் எங்கள் ஒழுங்கை
செல்வச்சோதியரின் கிணற்றுக்குள்ளால் போகிறது.
இரண்டு வருசமாகப் போகிறது.
கொத்துரொட்டி கொண்டுவாற பொடியங்கள்
அவரின் படலையில்தான் ஹோர்ன் அடிப்பாங்கள்.
சாரத்தை இறுக்கிக்கொண்டு வந்து, ரோச் அடித்து,
"அந்தப் பிள்ளை அங்கைதானே வேலை,
சொல்லி மாத்தேலாதாமே?"

சொன்னேன்.
பதினேழு கட்டம் நிரப்பினேன்.
எத்தனை பேருக்குப் பாதிப்பு?
வருமான இழப்பு டொலரில் எவ்வளவு?
தடையின் வகை:
பாலம், சுரங்கம், சுங்கச்சாவடி.
கிணறு இல்லை.
"பிற" என்று அழுத்தினேன்.

முறைப்பாடு ஹைதராபாத் போனது.
அங்கிருந்து டப்ளின்.
ஒருவர் படம் கேட்டார், அனுப்பினேன்.
இன்னொருவர் அதே படத்தைக் கேட்டார்.
பிறகு அந்தக் குழுவையே கலைத்துவிட்டார்கள்,
மாரி முழுக்க ஒரு சத்தமும் இல்லை.

அதற்கிடையில் எனக்கு நாலாவது மேலாளர்.
திரையில் என் பெயரை இரண்டு தரம் உடைத்துப் பார்த்துவிட்டு
"டி என்று கூப்பிடட்டுமா?" என்றாள்.
அம்மாகூடக் கோபம் வந்தால்தான் அப்படிக் கூப்பிடுவா.
ஓம் என்றேன்.
"எதிர்பார்ப்பைப் பூர்த்தி செய்கிறார்" என்று
வருசக் கடைசியில் எழுதியிருந்தாள்.
ஆரின்ரை எதிர்பார்ப்பு என்று கேட்க
அந்தப் படிவத்தில் கட்டமில்லை.

போன செவ்வாய், விடியப்புறம் இரண்டே முக்கால்.
கரண்ட் போய் ஜெனறேற்றர் உறுமுகிறது.
ஆறிப்போன பிளேன்ரீ.
என் வரிசையில் புதிதாய் ஒன்று விழுகிறது:
ஒழுங்கை, கிணறு, பிற.
என் எழுத்து. என் படம்.
அடியில் நாற்பத்தொரு குறிப்புகள்.
முன்னுரிமை நான்கு.
"உள்ளூர் அறிவுள்ள ஒருவர் பார்ப்பது நல்லது."

பார்த்தேன்.
அந்தக் கோட்டை ஒரு விரலளவு நகர்த்தினால் போதும்.
இந்தப் பிராந்தியத்தில் கோடு நகர்த்த
எனக்கு அனுமதி இல்லை.
முடித்துவைக்க மட்டும் இருக்கிறது,
அந்தக் கிழமைக் கணக்குக்கோ மூன்று குறை.

காரணம் தெரிவுசெய்க என்றது.
"வடிவமைத்தபடியே இயங்குகிறது."
அழுத்தின கையோடு மின்னஞ்சல்:
அன்புள்ள வாடிக்கையாளரே,
உங்கள் அனுபவத்துக்கு எத்தனை நட்சத்திரம்?

விடிய ஸ்கூட்டியில் ஒழுங்கைக்குள் திரும்பினேன்.
சோதியரின் படலையில் ஒரு தகரத்துண்டு,
கேற்றுக்கு அடித்து மிஞ்சின பச்சைப் பெயின்ற்,
இன்னும் காயவில்லை:

இங்கை கிணறு.
தயாழினி வீடு அடுத்த படலை.

என் பெயரில் ளகரம் பிழைத்திருந்தது.
ஸ்கூட்டியை நிறுத்திப் பார்த்தேன்.
திருத்தச் சொல்லிக் கேட்க
வாய் வரவில்லை.