நான்கு எண்கள்

உயர்நிலைப் பள்ளி ஏலத்தில் இருபது டாலருக்குக் கிடைத்தது,
உடற்பயிற்சிக் கூடத்துப் பழைய இரும்பு அலமாரி.
கதவின் உட்புறம் ஆணியால் யாரோ கீறியிருந்தார்கள்:
கோல்ட்டன் ஒரு புளுகன்.
டுவேன் அதைத் தேய்த்து அழிக்கவில்லை.
இருக்கட்டும், என்றான்,
அன்றைக்கு அது உண்மையாய் இருந்திருக்கும்.

ஆலையில் வேலை போய் ஏழு மாதம்.
ஹாவர் கடையில் தீத்தாங்கும் பெட்டகம்
ஆயிரத்து நூறு என்று சீட்டுத் தொங்கியது.
அதன் கைப்பிடியை ஆளுக்கொரு முறை
திருப்பிப் பார்த்துவிட்டு
முட்டை வாங்கிக்கொண்டு வந்தோம்.

அதுவரை இந்த வீட்டில் தோட்டாக்கள்
உப்பைப்போல எங்கும் கிடந்தன.
காப்பி டின்னில், வண்டியின் இருக்கை இடுக்கில்,
துவைக்கப் போட்ட சட்டைப் பையில்.
ஒருமுறை துவைக்கும் இயந்திரம் கடகடத்து
மூன்றைப் பளபளவென்று கழுவித் தந்தது.
அவன் அப்பா விட்டுப்போனவை பச்சை பூத்திருந்தன.
அவற்றை ஷெரிஃப் அலுவலகத்தில் ஒப்படைத்தோம்.
கையுறை மாட்டிய பெண் நிதானமாகக் கேட்டாள்:
டின் திரும்ப வேண்டுமா?
வேண்டும் என்றேன். நல்ல டின்.

நிலவறையில், கொதிகலனுக்கு எட்டாத கிழக்குச் சுவர்.
முதுகுத் தகட்டைத் துளைத்து
மரச்சட்டத்தோடு நான்கு போல்ட்டு, ஆறு டாலர்.
மார்ச்சில் சிமெண்டு வியர்க்கும் என்று
அடியில் பலகை, யாரோ எறிந்த கட்டிலுடையது.
செருப்புப் பெட்டிகளில் வரும்
தின்னாதே என்று எழுதிய பொட்டலங்களை
நான் தெருத்தெருவாகக் கேட்டு வாங்கினேன்.
எதற்கு என்றாள் ஆர்டிஸ்.
நன்றி நாளுக்கு மகள் குழந்தையோடு வருகிறாள், என்றேன்.
பொய்யில்லை.
துப்பாக்கிகள் மேலே, வேறு அறை, வேறு சாவி.

கடைசியாகப் பூட்டு. பதினொரு டாலர், நான்கு சக்கரம்.
உறையைப் பிரிக்காமலே என் கையில் வைத்தான்.
எண்ணை நீயே வை.
சரி.
எனக்குச் சொல்லாதே.

அதைத் திருப்புளியிடம்தான் சொன்னான்.
பிறகு மண்டியிட்டு
தரையில் சிந்திய இரும்புத் தூளைக்
காந்தத்தால் பொறுக்கத் தொடங்கினான்,
துகள் துகளாக,
வேண்டிய நேரத்தை எனக்குக் கொடுப்பவனைப்போல.

பிப்ரவரியில் ஓர் இரவு
வண்டிக் கொட்டகையில் விளக்கில்லாமல் உட்கார்ந்திருந்தான்.
நான் எதுவும் கேட்கவில்லை.
சூப்பை இரண்டாம் முறை சூடாக்கினேன்.

இந்த முறை கேட்டேன்.
இப்போதும் வருகிறதா அந்த நினைப்பு?
சில நாள். வியாழக்கிழமைகளில்.
ஏன் வியாழன்?
காந்தத்தைத் துடைத்தான். தெரியவில்லை.

அடுத்த வியாழன் மருத்துவரிடம் கூடவே போனேன்.
வெளியே வாரப் பத்திரிகையை அதே பக்கத்தில்
முக்கால் மணி நேரம் விரித்து வைத்திருந்தேன்.
திரும்பும் வழியில், ரயில் கேட்டில் நின்றபோதுதான் உறைத்தது:
ஆலையில் சம்பளம் போட்ட கிழமை.

எண்ணா?
பிறந்த நாள் இல்லை, அதைத்தான் முதலில் முயல்வான்.
கல்யாண நாளும் இல்லை,
அது அவனுக்கு நினைவிருக்காது என்றாலும்.
இங்கேயும் எழுதமாட்டேன்.
நான் எழுதுவதைப் படிக்கிறவன்.

மான் பருவத்தின் முதல் காலை
வாசலில் தம்பி லைல் வண்டியை உறுமவிட்டிருந்தான்.
நிலவறைப் படியில் முதுகைக் காட்டி நின்றான் டுவேன்,
தொப்பி கையில்.
சக்கரங்கள் சொடுக்கும் சத்தம் அவனுக்கும் கேட்டிருக்கும்.
ஐந்தை எண்ணி உள்ளங்கையில் வைத்தேன்.
குளிர்ந்த பித்தளை, சூடான கை.

இருட்டிய பிறகு வந்து நீட்டினான், மூன்று.
நகக்கண்ணில் ரத்தம்.
ஒன்று மானுக்கு, என்றான்.
ஒன்று ஹால்வர்சன் வேலிக்கம்பத்துக்கு,
அவனிடம் சொல்லிவிடாதே.

கூட்டிப் பார்த்தேன். ஐந்து.
நான் பூட்டைத் தொடுமுன்னே
அவனாகவே திரும்பி நின்றுகொண்டான்.