பிரபுவின் நாற்காலியில் ஒரு வாத்து

ஐந்து மணிக்குப் பூட்டவேண்டும்.
அதற்குள் எண்ணி முடிப்பேன்:
குடைக்கம்பிக் கால்களில் நாரை,
ராணுவக் கம்பளியில் தைத்த முயல்
(ஒரு காது பழைய பூட்ஸின் நாக்கு),
பிரபுவின் நாற்காலியில்
கால்மேல் கால் போட்ட வாத்து.

உடம்பு தேநீர்க் கெண்டி, இறகெல்லாம் கரண்டி.
சுவரிலிருந்து பிரபு முறைக்கிறார்.
அவர் காலத்தில் எங்கள் ஆட்கள்
சமையலறை வாசலோடு சரி.
வாத்து எழுந்திருப்பதாயில்லை.

வெல்கா இவற்றை வண்டியிலிருந்து இறக்கியபோது
காப்பாளர் கண்ணாடியைத் துடைத்தபடி கேட்டார்:
"எந்த நூற்றாண்டு?"
"போன செவ்வாய்க்கிழமை."
ரீகாவின் சந்தையில்
கடை கட்டிய பிறகு பொறுக்கியதாம்.

தொடாமலிருப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.
பிறரைத் தொடவிடாமலிருப்பதற்கும்.

பிப்ரவரியில் வெந்நீர்க்குழாய் வெடித்த ராத்திரி
முயலின் கண் எங்கோ உருண்டுவிட்டது.
டார்ச்சோடு மண்டியிட்டுத் தேடினேன்,
கணப்படுப்பின் சாம்பல்வரை.
கிடைத்தது ஒரு செத்த வண்டு.
கோட்டின் இரண்டாம் பொத்தானை அறுத்துத் தைத்தேன்.
கறுப்பு நூல் இல்லை. சிவப்பு.
அன்றுமுதல் முயல்
தூக்கம் கெட்டதுபோல் பார்க்கிறது.

பனி உருகியதும் வெல்கா வந்தாள்.
முயலின் முன் குந்தி வெகுநேரம் இருந்தாள்.
பிறகு என் கோட்டைப் பார்த்தாள்.
நான் ஜன்னலைப் பார்த்தேன்.

மறுநாள் பெயரட்டையில்
பென்சிலால் ஒரு திருத்தம்:
கம்பளி, தோல், நூல்,
காவலாளி ஐனார்ஸின் குளிர்.

அதைப் பதிவேட்டில்
எந்தக் கட்டத்தில் எழுதுவது,
காப்பீடு எவ்வளவு என்று
காப்பாளர் தலைமை அலுவலகத்துக்கு
இரண்டு கடிதம் போட்டுவிட்டார்.