ஏழு மில்லிமீட்டர்

ஏரி உறைந்ததும் அதன்மேல் பாதை திறப்பது என் வேலை.
துளை போட்டு, கொக்கிக் கோலை இறக்கி,
பனிக்கட்டியின் கனம் பார்ப்பேன்.
நாற்பது சென்டிமீட்டர் என்றால் கார்கள் போகலாம்.
முப்பத்தெட்டு என்றால்
பால் வண்டிக்காரர் கெஞ்சினாலும் மாட்டேன்.

பிப்ரவரியில், பதினோராவது துளையில்,
கோல் இரண்டாகத் தெரிந்தது.
அப்புறம் கரை. அப்புறம் என் கை.

குவோபியோ மருத்துவமனையில் டாக்டர் இல்மா ராஸ்க்
என் தலைக்குள் ஓடும் ரத்தத்தைத் திரையில் சுழற்றினார்.
"இது இங்கே இருக்கக் கூடாது" என்றார்,
காட்டில் அரிய பறவையைக் கண்டவர் போல, மெல்ல.
பயிற்சி மருத்துவர்கள் மூன்று பேர் வந்து எட்டிப் பார்த்தார்கள்.
ஒருவன் வாழ்த்துச் சொல்ல வாயெடுத்து
நாக்கைக் கடித்துக்கொண்டான்.

கருவில் நாலாவது வாரம்.
நான் வந்திருப்பது அம்மாவுக்கே தெரியாத நாட்கள்.
கழுத்தில் ஏறும் தமனிக்கும் பின்மூளைத் தமனிக்கும் நடுவே
அவசரத்துக்கு ஒரு பாதை போட்டுக்கொள்ளுமாம் உடம்பு.
நிரந்தரப் பாதை வந்ததும்
சில நாளில் இதை மூடிவிட வேண்டும்.
ஊருக்கெல்லாம் மூடியாயிற்று.
எனக்கு மட்டும்
ஐம்பத்தாறு வருஷமாகப் போக்குவரத்து.

அதன் வளைவில்தான் சுவர் மெலிந்து
ஒரு காட்டுப்பழம் போல உப்பியிருந்தது,
கண்ணைத் திருப்பும் நரம்பில் இடித்துக்கொண்டு.
ஏழு மில்லிமீட்டர்.
சுவரின் கனம் எவ்வளவு என்றேன்.
அதை அளக்க வழியில்லை என்றார்.
அளக்காத பரப்பில்
நான் ஒரு நாயைக்கூட நடக்க விட்டதில்லை.

"பாதையையே அடைத்துவிடுங்களேன்."
"முடியாது, ரைலி. உங்கள் பின்மூளை குடிப்பது இதில்தான்.
நிரந்தரப் பாதை உங்களுக்கு
நூலாகவே நின்றுவிட்டது."

தொடையில் நுழைந்த குழாய் நெஞ்சைக் கடந்து மேலேறி
அந்த உப்பலுக்குள் மட்டும்
பிளாட்டினக் கம்பியைச் சுருட்டி வைத்துத் திரும்பியது.

தலைக்கு வந்தது தொப்பியோடு போயிற்று என்றாள் அக்கா தாய்மி.
நீயும் ஒரு படம் எடுத்துக்கொள் என்றேன்.
"உள்ளே என்ன இருக்கிறதென்று தெரிந்துவிட்டால்
நான் டாக்ஸி எப்படி ஓட்டுவது?"
போனை வைத்துவிட்டாள்.

ஏப்ரல் ஒன்பது. முப்பத்தேழு.
பாதையை மூடப் போனேன்.
பால் வண்டிக்காரர் எஞ்சினை அணைக்காமல்
பார்த்துக்கொண்டிருந்தார்.
கண்ணோரத்தில் இரட்டை இன்னும் கொஞ்சம் பாக்கி:
சிவப்புத் தடுப்பில் கம்பங்கள் நான்கு.
கையுறையைக் கழற்றி
எது குளிர்கிறதோ
அதில் சங்கிலியை மாட்டினேன்.