பனிக்கு வந்த கடிதம்

விமலேந்திரன் அண்ணை கடிதத்தை நீட்டியபோது
அவருடைய சப்பாத்திலிருந்து பனி கரைந்து
என் வரவேற்பறையில் ஒரு சின்னக் குளம்.
'தங்கச்சி, இது மெய்க் கடிதமோ,
இல்லாட்டி லொட்டரி விழுந்திட்டுது எண்டு வருமே,
அந்த வகையோ?'

மெய்தான்.
மூன்று பக்கம். எங்கள் இணையத்தளத்தின் பிரதி,
அதன்மேல் சிவப்பில் ஒரு சதுரம்,
சதுரத்துக்குள் அந்த வாசல்:
நீலம் பாரித்த பனி, மாலை வெளிச்சம்,
சாய்த்து வைத்த ஒற்றைச் சவல்.
பதினான்கு நாளுக்குள்
ஆயிரத்து எண்ணூற்று ஐம்பது டொலர்.

வெளியே ஏஜாக்ஸ் முழுக்க
முழங்கால் உயரத்துக்குப் பனி,
உரிமை கோர ஆளில்லாமல்.

படத்தைப் போட்டது நான்.
இருநூறு டொலருக்குத் தளம் செய்து தாறன் என்றதும் நான்.
இரவு பதினொரு மணி, முதல் வரிசையில் மூன்றாவது படம்,
வலப்பக்கம் அழுத்தி, சேமி.
பேருந்து இருக்கையில் யாரோ விட்டுப்போன பத்திரிகையை
எடுத்துப் படிப்பது போல.

வாசல் ஒன்றுக்கு அவருக்கு நாற்பது.
விரல் மடித்துக் கணக்குப் பார்த்தார்:
'நாற்பத்தாறு வாசல்.
மிச்சப் பத்துக்கு ஆரும் ஒராளின்ரை படிக்கட்டு.'

வன்கூவரிலிருந்து பேசிய பெண்ணுக்குத் தடிமன்.
மூக்கை உறிஞ்சி உறிஞ்சி, மரியாதையாகத்தான் பேசினாள்.
படம் எடுத்தவரின் பெயரை எழுத்துக் கூட்டிச் சொன்னாள்.
அன்றிரவு தேடினேன்.
நோர்வேயில் ஏதோ ஒரு ஊர். அதே வாசல், அதே நீலம்.
கீழே அவர் எழுதியிருந்தார்:
'சவல் பக்கத்து வீட்டுக்காரருடையது.
கேட்டுத்தான் எடுத்தேன்.'

தொள்ளாயிரத்தில் முடிந்தது.
அறுநூறு என்னுடையது.
அண்ணை சண்டை பிடித்தார்,
பிறகு பேசாமல் முந்நூறை எண்ணி வைத்தார்,
எல்லாம் இருபதுத் தாள், எல்லாம் ஈரம்.

அடுத்த பனிக்கு, விடிய ஐந்து மணிக்கு,
வெஸ்ற்னி வீதியில் அவருடைய வாகனத்துக்குப் பின்னால் நின்றேன்.
ஒரு விளக்கு எரியாது.
கையுறை கழற்றிய விரல்கள் எனக்குச் சொந்தமில்லை.
எடுத்த பதினேழில் ஒன்றுதான் தேறியது:
சரிந்த தெரு, குனிந்த முதுகு,
வலது மூலையில் மங்கலாய் என் பெருவிரல்.
அதைத்தான் போட்டோம்.

மாசி மாதம், விற்பியில் ஒரு பலசரக்குக் கடை.
கல்லாவுக்குப் பக்கத்தில்
வேறு யாரோ பனி அள்ளும் கம்பனியின் துண்டுப்பிரசுரம்.
அதே முதுகு. எரியாத அதே விளக்கு.
மூலையில் என் பெருவிரல்.

வீட்டுக்கு வந்து 'அன்புடையீர்' என்று தொடங்கி
தொகை எழுதும் இடத்தில் நின்றுவிட்டேன்.
அண்ணைக்கு அழைத்தேன்.
சிரித்தார், இருமினார், இன்னும் சிரித்தார்.
'முதுகு என்ரை, விரல் உன்ரை.
தொகை பிறகு போடுவம்.
முதல்ல அவன் ஒரு வாசலுக்கு
எவ்வளவு வாங்கிறான் எண்டு கேள்.'