இடைவெளி தெரியுமா

ஹாப்சாலுவில் பிப்ரவரி.
கடல் உறைந்து கிடக்கிறது.
மேசையில் ஐந்து திரைகள்,
ஐந்திலும் ஹீயுமா தீவுக்கான
ஒரே படகு அட்டவணை.
ஐந்தும் ஒன்றுபோல் இல்லை.

ஒன்றில் தலைப்பு எட்டுப் புள்ளி தள்ளி நிற்கிறது.
யாரும் தள்ளச் சொல்லவில்லை,
உலாவி பிறக்கும்போதே கொண்டுவந்த ஓரம்.
அதனால் முதல் வேலையாக
எல்லாருடைய ஓரத்தையும் பூஜ்ஜியமாக்கினேன்,
மொட்டையடித்து வரிசையில் நிறுத்துவதுபோல.
ஒருவாரத்தில் தெரிந்தது,
ஒவ்வொரு தலைக்கும் முடி
ஒவ்வொரு விதமாக முளைக்கிறது.

இன்னொன்று பொத்தானின் முனைகளை
கேட்காமலே உருட்டி வைத்திருந்தது.
மூன்றாவதில்,
எங்கள் எழுத்துகளின் தலைமேல் நெளியும் சிற்றலை
வரியின் கூரையில் இடித்து அறுந்துபோனது.
கேப்டன் டோனிஸ் மூன்று நாள்
தலையில்லாமல் படகு ஓட்டினார்.

செவ்வாய் மதியம் ஊர்வே அழைத்தாள்,
தீவில் புகைபோட்ட மீன் விற்பவள்.
"புது எண் போட்டிருக்கிறீர்களே,
மூன்று தடவை அடித்துவிட்டேன்.
ஒருத்தரும் எடுக்கவில்லை."
என்ன எண்?
கண்ணாடியைத் தேடி எடுத்து, நிதானமாக வாசித்தாள்:
பூஜ்ஜியம் ஏழு, பூஜ்ஜியம் பூஜ்ஜியம்,
ஒன்று பூஜ்ஜியம், பூஜ்ஜியம் பூஜ்ஜியம்,
ஒன்று மூன்று, மூன்று பூஜ்ஜியம்.

படகுகள்.
காலை ஏழு. பத்து. மதியம் ஒன்றரை.
மூன்றும் ஒட்டிக்கொண்டு ஒரே எண்ணாகி
எங்கேயோ, ஆளில்லாத எந்த அறையிலோ
மணியடித்துக்கொண்டிருந்திருக்கின்றன.

அவளுடைய பலகைக்கணினி பழையது.
நேரங்களுக்கு நடுவே இடைவெளி என்று
ஒரே சொல்லில் எழுதியிருந்தேன்.
வரிசைக்கு அந்தச் சொல் வந்த காலத்தில்
அது படிப்பை நிறுத்திவிட்டிருந்தது.
தெரியாத சொல்லைக் கண்டால்
புரியவில்லை என்று சொல்லாது,
தாண்டிப் போய்விடும்,
கூட்டத்தில் தலையாட்டிவிட்டு
பின்கதவால் நழுவும் ஆளைப்போல.

கேட்டுப் பார்க்க ஒரு வழி உண்டு. கேட்டேன்:
இடைவெளி தெரியுமா?
தெரியும் என்றது.
பொய்யில்லை.
கட்டங்களுக்கு நடுவே விடத் தெரியும்,
வரிசையில் நிற்பவர்களுக்கு நடுவேதான் தெரியாது.
நான் எதில் என்று கேட்கவில்லை,
அப்படிக் கேட்க வழியும் இல்லை.
இதைக் கண்டுபிடிக்க
இரண்டு இரவும் ஒரு டப்பா ரொட்டியும் ஆயின.

ரைவோ கணக்கைப் பார்த்தான்.
"எத்தனை பேர் அந்தப் பழசை வைத்திருக்கிறார்கள்?"
நூற்றுக்கு அரை.
"அரை ஆளுக்காகவா?"
அந்த அரைக்கு ஒரு பெயர் இருக்கிறது,
மீன் வாசம் இருக்கிறது என்று சொல்ல வந்தேன்.
சொன்னது: "வெள்ளிக்குள் முடித்துவிடுகிறேன்."

அந்தச் சொல்லை எடுத்துவிட்டேன்.
ஒவ்வொரு நேரத்துக்கும்
அதனதன் வலப்பக்கத்தில் ஓர் ஓரம் கொடுத்தேன்,
முதல் நாள் எல்லாரிடமும் பிடுங்கிய
அதே ஓரம்.
நிறத்தை இரண்டு முறை சொன்னேன்,
முதலில் பழைய பேரால், அடுத்து புதுப் பேரால்.
கடைசியாக எது புரிகிறதோ
அதைப் பிடித்துக்கொள்ளட்டும்.
டோனிஸுக்கு வரியின் கூரையை
கொஞ்சம் உயர்த்திவிட்டேன்.

மார்ச்சில் தீவுக்குப் போனேன்.
ஊர்வேயின் கடையில், தராசுக்குப் பக்கத்தில்,
சாய்த்து வைத்திருந்தாள் என் பக்கத்தை.
எழுத்துகளை இரண்டு மடங்கு பெரிதாக்கியிருந்தாள்.
என் மூன்று பத்திகள்
ஒற்றையடிப் பாதையாகியிருந்தன.
படகின் படம் எங்கோ அடியில்.
நான் நாலு நாள் குழைத்த நீலம்
அங்கே ஒருவிதச் சாம்பல்.
திரையின் விரிசல் தலைப்பைக் குறுக்கே வெட்டியது.
எதுவும் நான் வரைந்தபடி இல்லை.

ஏழுக்கும் பத்துக்கும் நடுவே மட்டும்
ஒரு விரல் வைக்க இடம்.
எண்ணெய் மினுங்கும் விரலால்
பத்தைத் தொட்டுக் காட்டினாள்:
"இதிலேயே போய்விடு.
அடுத்ததற்குள் காற்று எழும்பிவிடும்."

காகிதத்தில் சுற்றிய மீனோடு
துறைக்கு ஓடினேன்.
பனிக்கட்டியை உடைத்துக்கொண்டு
படகு வந்து நின்றது.
மேலே கண்ணாடிக்குப் பின்னால்
கேப்டன் டோனிஸ்,
தலையோடு.