மரிக்கொழுந்துக்கு வாசமில்லை

ஊசி ஏறிய மூன்றாம் நாள்
சோற்றுப்பானையின் மூடி திறந்தாலே போதும்,
அடிவயிற்றில் யாரோ நங்கூரத்தை இழுக்கிறார்கள்.

நம்புராஜன் அடுப்பைத் தூக்கிக்கொண்டுபோய்
வலைக் கொட்டகைக்குப் பின்னால் வைத்துவிட்டார்.
காற்று அவரைவிடக் கெட்டி.
கச்சான் அடித்தால் குழம்பு வாசம்,
வாடை அடித்தால் கருவாட்டு வாசம்.
சின்னப்பாலத்தில் மூக்கை
எங்கே கொண்டுபோய் வைக்க?

ராமநாதபுரம் ஆஸ்பத்திரியில்
தஸ்லீமா சிஸ்டர் சொல்லிக்கொடுத்திருந்தாள்:
மாத்திரையை நேரத்துக்குப் போடுங்க,
அதோட இதையும் செய்யுங்க.
கால்விரலை இறுக்கி, விடுங்க.
கெண்டைக்காலை இறுக்கி, விடுங்க.
எதையோ பிடுங்குகிற மாதிரி கையை மூடி,
பிறகு விடுங்க.
செல்போனில் ஒரு குரலையும் ஏற்றித் தந்தாள்.

"கண்களை மூடிக்கொள்ளுங்கள்.
நீங்கள் ஓர் அழகான கடற்கரையில் இருக்கிறீர்கள்.
அலைகள் மெல்ல வந்து போகின்றன.
காற்றை ஆழமாக உள்ளே இழுங்கள்."

இழுத்தேன்.
அழுகின சூடை, டீசல், நண்டுக் கழிவு,
வெயிலில் காயும் வலை,
எல்லாம் சேர்ந்து தொண்டைக்கு வந்துவிட்டன.
வாளியைப் பிடித்தபடி
அந்தக் குரலைத் திட்டினேன்.
அந்தம்மா இருக்கிற கடற்கரையில்
யாரும் மீன் பிடிப்பதில்லை போல.

அடுத்த ஊசிக்குப் போனபோது சொன்னேன்.
முகக்கவசம் நழுவச் சிரித்தாள் தஸ்லீமா.
"அக்கா, உங்களுக்குக் கடற்கரை வேலைக்குப் போற இடம்.
வேற இடம் நினைங்க.
வாசமே இல்லாத இடம்."

உச்சிப்புளி தாண்டும்வரை பஸ்ஸில் யோசித்தேன்.
கோயில் என்றால் பூ, கற்பூரம், எண்ணெய்.
தங்கச்சி வீடா? அவள் பினாயில் பைத்தியம்.
பாம்பன் பாலத்தில் ஏறும்போதுதான்
ஜன்னலுக்குக் கீழே தண்ணீர் தெரிந்தது.

இருபத்திரண்டு வருஷம் பாசி எடுத்தவள் நான்.
விரல்களுக்குத் துணி சுற்றி,
பாதத்தில் தகரம் கட்டி,
கண்ணாடி மாட்டி,
ஓர் ஆள் ஆழம், ரெண்டு ஆள் ஆழம்.
அங்கே மூக்குக்கு வேலையே இல்லையே!
மரிக்கொழுந்துப் பாசி என்று பேர்தான்,
தண்ணீருக்குள் அதற்கு ஒரு வாசமும் கிடையாது.
கரைக்கு வந்து காயும்போதுதான் நாறும்.

ராத்திரி சிமெண்ட் தரையில் படுத்தேன்.
செல்போனை அணைத்துவிட்டேன்.
கால்விரலில் தொடங்கி மேலே வந்தேன்.
கையை இறுக்கினால் பாறையில் பாசி,
விட்டால் பையில் பாசி.

மூச்சுதான் தகராறு.
எனக்குத் தெரிந்ததெல்லாம் அடக்குவது.
நெஞ்சில் பூட்டி வைத்துக்கொண்டு
இன்னும் ஒரு கொத்து, இன்னும் ஒரு கொத்து என்று
கண் இருட்டும்வரை.
கட்டியையும் அப்படித்தான் ஏழு மாசம்
அடக்கி வைத்திருந்தேன்,
பாசிக்காலம் முடியட்டும் என்று.
இவளோ விடச் சொல்கிறாள்.
நாலு எண்ணி இழுங்க, ஆறு எண்ணி விடுங்க.

அடியில் இருக்கும்போது விட்டால் என்ன ஆகும்?
குமிழி மேலே போகும்.
அவ்வளவுதான்.
ஒன்றை விட்டேன். பிறகு இன்னொன்று.
இந்தக் கடலில் மூச்சு தீரவில்லை.
மொட்டைத் தலையும் சௌகரியம்,
கண்ணாடி வாரில் முடி சிக்காது.

குமட்டல் போய்விட்டதா என்றால், இல்லை.
பக்கத்திலேயே நீந்திக்கொண்டிருந்தது
ஓரா மீன் மாதிரி.
தொட்டால் முள்.
தொடாவிட்டால் பாசியை மேய்ந்துவிட்டு
அதுபாட்டுக்குப் போகும்.
நான் தொடவில்லை.

வாசலில் நம்புராஜன்.
ரெண்டு தடவை குளித்தும்
கிட்டே வரப் பயந்துகொண்டு நிற்கிறார்.
"தூங்கிட்டியா?"
"இல்ல. கடலுக்குள்ள இருக்கேன்."
கொஞ்ச நேரம் பேச்சில்லை.
"எம்புட்டு எடுத்த?"
"ஒண்ணும் எடுக்கல."

கஞ்சியை நன்றாக ஆறவைத்துக்
கொண்டுவரச் சொன்னேன்.
ரெண்டு வாய் உள்ளே போனது.
மூன்றாவதுக்கு
மறுபடியும் முங்க வேண்டியிருந்தது.