மடியில் கனம்

நூற்றியோராம் இலக்க பஸ்
வெள்ளவத்தைச் சந்தையடியில் நகராமல் நிற்கிறது.
பின்னால் வருகிற மற்ற நூற்றியொன்று
கண்ணாடியில் தெரிந்தால்தான் டிரைவருக்கு உயிர் வரும்.
அதுவரை இஞ்சின் உறுமும்.
கொட்டுவ, பிட்டகொட்டுவ என்று கொண்டக்டர்
ஏற்கனவே ஏறிவிட்ட எங்களையே கூப்பிடுவான்.

எத்தனை மணிக்கு வெளிக்கிடும்?
இந்த ஊரில் யாரும் கேட்கமாட்டார்கள்.
நானும் கேட்டதில்லை,
போகூமில் இருபத்திரண்டு நாள் இருந்துவிட்டு வரும்வரை.

அங்கே தரிப்பிடத்துப் பலகை மூன்று நிமிடம் என்றது.
மூன்று நிமிடத்தில் ட்ராம் வந்தது.
திரும்பவும் அப்படி நடக்கிறதா என்று பார்க்க
இரண்டு ட்ராமை ஏறாமல் விட்டேன்.

தங்கை சாருமதி வேலைக்குப் போகுமுன்
தாளில் எழுதித் தந்திருந்தாள்:
கதவு தானாகத் திறக்காது, பொத்தானை அமத்து.
சத்தமாகக் கதைக்காதே.
டிக்கெட் வாங்கினால் போதாது,
சின்னப் பெட்டியின் வாயில் கொடு, கடிக்கட்டும்.

மூன்றாவதை மறந்தேன்.

கதவு மூடியதும்
சும்மா உடுப்பில் இருந்த இரண்டு பேர் அதிகாரிகளானார்கள்.
ஒருத்தி என் முன்னால் வந்து ஏதோ கேட்டாள்.
கை யோசிக்கவில்லை.
கடவுச்சீட்டு, விசாக் கடிதம், காப்புறுதி,
தங்கை வீட்டு விலாசம், திரும்பிப்போகும் விமான டிக்கெட்,
எதற்கும் இருக்கட்டும் என்று
இலங்கை அடையாள அட்டை.
எல்லாம் மடியில் பரப்பினேன்.

ட்ராம் டிக்கெட் மட்டும், என்றாள் மெல்ல.
அது ஒரு கடியும் படாமல் புதிதாக இருந்தது.

அறுபது யூரோ.
மச்சான் பகீரதன் ஒரு சொல்லும் சொல்லாமல் கட்டினார்.
இரவு படுத்தபடி நான் அதை
வெள்ளவத்தை புறக்கோட்டைப் பயணங்களாகப் பிரித்தேன்.
எட்டு மாதம் வேலைக்குப் போய்வந்தும் மிச்சம் இருந்தது.

இன்னும் கூசுவது அதற்கில்லை.
அடுத்த கிழமை, ட்ராமில் எனக்கு இடம் கிடைத்த நாள்.
பக்கத்தில் ஒருத்தி நின்றாள்,
தோளில் பாரப் பை, லீக்ஸ் தலை நீட்டிக்கொண்டு.
இருக்கிறவர் நிற்கிறவரின் சுமையை வாங்குவது
எனக்கு யாரும் சொல்லித்தந்த பண்பில்லை,
மூக்கைச் சொறிவது போல ஒன்று.
கை நீட்டிப் பையைப் பிடித்தேன்.
அவள் இழுத்தாள்.
நான் சிரித்தேன்.
அவள் இன்னும் இழுத்தாள்.
முழு ட்ராமும் போனிலிருந்து தலையை எடுத்தது.

சாருமதியின் தாளில் இது இல்லை.
இரண்டு தரிப்பு முன்னதாக இறங்கி மழையில் நடந்தேன்.

மற்ற பஸ் கண்ணாடியில் தெரிந்துவிட்டது.
இனிப் பறப்பு.
ஒரு கையில் கம்பி, மறு கையில் பை:
மதியச் சாப்பாடு, கடைக் கணக்குப் புத்தகம், குடை, பேர்ஸ்.
பிரேக்கில் ஆடி விழப்போன கணம்
சீட்டில் இருந்தவன் என் முகம் பார்க்காமலே
பையை வாங்கித் தன் மடியில் வைத்தான்.

பச்சைச் சீருடை.

பம்பலப்பிட்டி.
இங்கேதான் எல்லோரையும் இறக்குவார்கள் அப்போது.
வரிசை. அட்டை. பிறந்த இடம்.
ஒருநாள் என் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து
சோற்றைப் பேனாவால் கிளறினார்கள்.
முருங்கைக்காய்க் குழம்பு. பேனையைத் துடைக்க
என்னிடமே லேஞ்சி கேட்டார்கள்.
அந்த நேரம் இவனுக்குப் பால்பல்லும் விழுந்திருக்காது.

மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்பார்கள்.
கனம் என்னுடையது, மடி அவனுடையது,
அவனோ கொள்ளுப்பிட்டி தாண்டமுன்
வாய் பிளந்து நித்திரை.
இரண்டு முழங்கையும் என் பையின் மேல்.

காலிமுகத்திடலில் உப்புக்காற்று உள்ளே வந்து
எல்லோருடைய தலைமயிரையும் கலைத்தது.
கொண்டக்டரும் வந்தான்,
நீளவாக்கில் மடித்த தாள்கள் விரலிடுக்கில்,
சில்லறையைக் குலுக்கிக்கொண்டு.

காசு பைக்குள்.
ஸிப்பைத் திறக்கவேண்டும்,
தூங்கும் ஆமிப் பெடியனின் மடியில்,
இந்தமுறை நான்.
அவனை எழுப்பாமல்
குனிந்து, ஒவ்வொரு பல்லாக, இழுக்கிறேன்.

கொண்டக்டர் சில்லறையை இன்னொருமுறை குலுக்குகிறான்.
பொறு, தம்பி.